காணொளித் தொகுப்பு மென்பொருளின் மேம்படுத்தல்: வட்டும் பதிவிறக்கமும்

காணொளித் தொகுப்பு மென்பொருள் என்பது படம்பிடித்த காட்சிகளைக் கணினியில் வெட்டி, கோத்து, ஒலியும் எழுத்தும் நிறத் திருத்தமும் சேர்த்து முழுப் படமாக்கித் தரும் நிரல். 1989-இல் வந்த ஆவிட் மீடியா கம்போசர், 1991-இல் வந்த அடோபி பிரீமியர், 1999-இல் வந்த ஆப்பிளின் ஃபைனல் கட் புரோ ஆகியவை இத்துறைக்கு வழியமைத்தவை. வேகாஸ், பினாக்கிள் ஸ்டூடியோ, எடியஸ், டாவின்சி ரிசால்வ் போன்றவை ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இடம்பிடித்தன. இவற்றில் ஒன்றின் பழைய பதிப்பை வைத்திருப்பவர் புதிய பதிப்புக்கு மாறுவதே மேம்படுத்தல். எடிட்டர்கள் பேச்சில் அப்கிரேடு. அப்போது டிவிடி அடங்கிய பெட்டியை வாங்குவதா, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதா என்ற கேள்வி நெடுங்காலமாக எழுந்துவந்திருக்கிறது. பெட்டி கையில் இருக்கும், அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஆகவே அதுதான் நம்முடையது என்று நினைப்பது இயல்பு. ஆனால் கடந்த இருபது ஆண்டு நடப்பைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு மென்பொருளை நிறுவவும் இயக்கவும் யாருடைய அனுமதி, எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதே அது நம் வசம் நிலைக்குமா என்பதை முடிவு செய்கிறது. அது வட்டில் வந்ததா, கம்பி வழியே வந்ததா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

தொடக்கத்தில் இந்த இரண்டும் ஒன்றாகவே இருந்தன. பெட்டிக்குள் குறுவட்டு, அதன் உறையில் ஒரு வரிசை எண். வட்டைச் செருகி எண்ணைத் தட்டினால் நிரல் ஓடும். விற்ற நிறுவனத்துக்கு அது தெரியக்கூடத் தெரியாது. 700 மெகாபைட் கொள்ளும் குறுவட்டு போதாமல் 4.7 ஜிகாபைட் டிவிடியும், பிறகு 8.5 ஜிகாபைட் இரட்டை அடுக்கு டிவிடியும் வந்தன. கள்ளப் பிரதிகளைத் தடுக்க நிறுவனங்கள் ஆக்டிவேஷன் முறையைக் கொண்டுவந்தபோதுதான் வட்டும் அனுமதியும் பிரிந்தன. வட்டு வாங்கியவரிடம் இருந்தது. அனுமதி நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. இந்தப் பிரிவின் விளைவு அடோபியின் சி.எஸ்.2 தொகுப்பில் துலக்கமாகத் தெரிந்தது. அது 2005-இல் வெளியானது. அதன் ஆக்டிவேஷன் சர்வரை அடோபி நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கிய அசல் டிவிடியை வைத்திருந்தவர்களாலும் புதுக் கணினியில் அதை நிறுவி இயக்க முடியாமல் போயிற்று. ஆக்டிவேஷன் கேட்காத தனி நிறுவல் கோப்புகளையும் அவற்றுக்கான வரிசை எண்களையும் அடோபி தன் இணையதளத்தில் வைத்தது. பிரீமியர் புரோ 2.0-வும் அவற்றில் அடக்கம். 2013 ஜனவரியில் இது வெளியே பரவ, அடோபி மென்பொருளை இலவசமாகத் தருகிறது என்று பலர் இறக்கிக்கொண்டார்கள். ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அது என்று நிறுவனம் விளக்க வேண்டியதாயிற்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. வட்டு வாங்கியவரைக் கடைசியில் காப்பாற்றியது ஒரு பதிவிறக்கம். அதுவும், அனுமதி கேட்காத பதிவிறக்கம் என்பதால்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. அமெரிக்காவில் டிமோதி வெர்னர் என்பவர் ஆட்டோகேட் மென்பொருளின் அசல் வட்டுகளை இபேயில் மறுவிற்பனை செய்தார். 2010-இல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆட்டோகேட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் அந்த மென்பொருளை விற்கவில்லை, உரிமம்தான் கொடுத்தது, எனவே வட்டு கையில் இருப்பதால் மறுவிற்பனை உரிமை வந்துவிடாது என்று தீர்ப்பளித்தது. 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் யூஸ்ட்சாஃப்ட், ஆரக்கிள் இடையிலான வழக்கில் நேர்மாறான திசையில் போனது: ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு கால வரம்பில்லாத உரிமத்துடன் ஒரு பிரதியைக் கொடுத்தால் அது விற்பனையே, இணையத்தில் இறக்கிய பிரதியானாலும் வாங்கியவர் அதை மறுபடி விற்கலாம் என்றது. ஓரிடத்தில் வட்டு கையிலிருந்தும் உடைமை இல்லை; இன்னோரிடத்தில் வட்டே இல்லாமல் உடைமை உண்டு. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள சட்டம், கொடுப்பது வெறும் உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை ‘வாங்குங்கள்’ என்று விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. இந்திய வாசகருக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. இறக்கிய நிறுவல் கோப்பை வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு வைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக ஃபைனல் கட் புரோவை எடுத்துக்காட்டலாம். 2009-இல் ஃபைனல் கட் ஸ்டூடியோ பல டிவிடிகள் கொண்ட பெட்டியாக 999 டாலருக்கு வந்தது. 2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் வெளியிட்ட ஃபைனல் கட் புரோ எக்ஸ் 299.99 டாலர் விலையில், மேக் ஆப் ஸ்டோர் வழியே மட்டும் கிடைத்தது, வட்டு கிடையாது. (முதல் பிரீமியரை எழுதிய ராண்டி உபிலோஸே ஃபைனல் கட்டுக்கும் இந்தப் புதிய வடிவத்துக்கும் தலைமைச் சிற்பி.) வெளிவந்த நாளில் அதில் பல கேமரா தொகுப்பு இல்லை, எக்ஸ்.எம்.எல். பரிமாற்றம் இல்லை; எல்லாவற்றுக்கும் மேலாக, முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த ப்ராஜெக்ட்டுகளை அதனால் திறக்கவே முடியவில்லை. அதே நாளில் பழைய பதிப்பின் விற்பனையும் நின்றது. எதிர்ப்பு வலுத்த பிறகுதான் ஆப்பிள் அதை மீண்டும் விற்கச் சம்மதித்தது. அந்த மாதங்களில் பழைய பெட்டியை வைத்திருந்தவர் வேலை தடைபடாமல் நடந்தது என்பது உண்மை. ஆனால் அது நடந்ததற்குக் காரணம், அந்தத் தொகுப்பு வரிசை எண்ணோடு நிறைவடைந்து, இணைய ஆக்டிவேஷன் கேட்காததே. அதுவும் நிலைக்கவில்லை. 2019-இல் வந்த மேக் ஓ.எஸ். கேட்டலினா 32 பிட் நிரல்களை இயக்குவதை நிறுத்தியது. ஏழாம் பதிப்பு 32 பிட். விண்டோஸ் பக்கத்தில் 2016-இல் ஆப்பிள் குவிக்டைமைக் கைவிட்டபோது, அதையே நம்பிச் சில கோடெக்குகளைத் திறந்துவந்த தொகுப்பு மென்பொருள்கள் திண்டாடின. வட்டில் கீறல் விழாமல் இருக்கலாம். அது எதன் மேல் நிற்கிறதோ அந்த இயங்குதளம் மாறிக்கொண்டே இருக்கிறது.

மேம்படுத்தலில் பெரும் ஆபத்து இருப்பது ப்ராஜெக்ட் கோப்பில்தான். வட்டா பதிவிறக்கமா என்ற விவாதம் இதைத் தொடுவதே இல்லை. டைம்லைனில் செய்த ஒவ்வொரு வெட்டும், நிறத் திருத்தமும், எழுத்தும் அந்தக் கோப்பில்தான் குறிப்பாகப் பதிந்திருக்கும். மூலக் காட்சிகள் அப்படியே தனியாகக் கிடக்கும். பிரீமியர் புரோவின் ப்ராஜெக்ட் கோப்பைப் பிரித்துப் பார்த்தால், அது ஜிசிப் முறையில் சுருக்கிய எக்ஸ்.எம்.எல். எழுத்துக் கோப்பு என்பது தெரியும். அதற்குள் ஒரு பதிப்பு எண் இருக்கும். பழைய ப்ராஜெக்ட்டைப் புதிய பிரீமியரில் திறந்தால், இதை மாற்றியாக வேண்டும், வேறு பெயரில் சேமிக்கவா என்று கேட்கும். சரி என்றால் பழைய கோப்பு அப்படியே இருக்க, மாறிய பிரதி ஒன்று உருவாகும். புதியதில் சேமித்ததைப் பழையதில் திறக்கப் போனால் மறுத்துவிடும். பதிப்பு எண்ணைக் கையால் குறைத்துத் திறந்துவிடும் எடிட்டர்கள் உண்டு. வெட்டுகள் வரும், புதிய எஃபெக்டுகள் வராது. ரிசால்வில் இன்னும் கவனம் தேவை. அது ப்ராஜெக்ட்டுகளைத் தரவுத்தளத்தில் வைப்பதால், புதிய பதிப்பு அந்தத் தரவுத்தளத்தையே மேம்படுத்தக் கேட்கும். காப்புப் பிரதி எடுக்காமல் சம்மதித்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழி இருக்காது. இ.டி.எல்., எக்ஸ்.எம்.எல்., ஏ.ஏ.எஃப். போன்ற பரிமாற்றக் கோப்புகள் ஓரளவு கைகொடுக்கும். இ.டி.எல். வெட்டுகளின் நேரக் குறிகளையும் எளிய டிசால்வுகளையும் கொண்டுபோகும், அவ்வளவுதான். அதனால் கையில் ஒரு வேலை பாதியில் இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் மேம்படுத்தக் கூடாது. கல்யாணக் காணொளியை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கையில் வரும் ‘புதிய பதிப்பு தயார்’ என்ற அறிவிப்பை மூடிவிடுவதே சரி.

சந்தா முறை இந்தக் கவலையைத் தீர்த்துவிட்டதே, மாதம் இவ்வளவு கட்டினால் எப்போதும் புதியது கிடைக்கிறதே என்பது இன்னொரு மறுப்பு. அதில் நியாயம் உண்டு. புதிய கேமராக்கள் தரும் 10 பிட் எச்.265 கோப்புகளையும் ரா வடிவங்களையும் பழைய பதிப்புகள் திறக்காது. புதுக் கேமரா வாங்கியவர் மேம்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் அனுமதி என்ற அளவுகோலில் சந்தாதான் மிகவும் தளர்ந்த பிடி. 2013 மே மாதம் அடோபி, சி.எஸ்.6-க்குப் பிறகு நிரந்தர உரிமப் பதிப்பு வராது என்று அறிவித்தது. 2019 மே மாதம், தன் சந்தாத் தொகுப்பான கிரியேட்டிவ் கிளவுடின் பழைய பதிப்புகள் சிலவற்றைப் பயன்படுத்தும் உரிமை இனி இல்லை என்று வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்பியது. தொடர்ந்து பயன்படுத்தினால் மூன்றாம் தரப்பினர் உரிமை மீறல் புகார் எழுப்பலாம் என்றும் எச்சரித்தது. பணம் தவறாமல் கட்டிவந்தவர்களுக்கும் அந்தக் கடிதம் போனது. சந்தா நின்றால் மென்பொருள் நிற்கும். ப்ராஜெக்ட் கோப்புகள் கணினியில் இருந்தும் திறக்க ஆளில்லாமல் கிடக்கும்.

இணைய வேகம் குறைந்த ஊர்களுக்கு வட்டே வசதி என்ற மறுப்பு ஒரு காலத்தில் முழுக்கச் சரி. இன்று பெட்டி வாங்கினாலும் பல வேளைகளில் உள்ளே இருப்பது பதிவிறக்கக் குறியீடு அச்சிட்ட அட்டை மட்டுமே. வட்டே இருந்தாலும், அது அச்சான பிறகு வந்த திருத்தங்களை எப்படியும் இறக்கியாக வேண்டும். புதிய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் டிவிடி டிரைவும் இல்லை. பெட்டியில் வரும் பொருள்களில் இன்றும் உண்மையான மதிப்புள்ளது டாங்கிள் ஒன்றே. ரிசால்வ் ஸ்டூடியோவின் உரிமத்தை யு.எஸ்.பி. டாங்கிளாக வாங்கினால், எந்தக் கணினியில் செருகுகிறோமோ அங்கே இணையம் இல்லாமலே ஓடும். தொலைத்துவிடும் அபாயம் அதில் உண்டு என்றாலும், அனுமதியே கைப்பொருளாக நம்மிடம் இருக்கிறது. 2017-இல் 995 டாலரிலிருந்து 299 டாலராகக் குறைந்த அந்த உரிமத்துக்கு, அதன் பிறகு வந்த பெரிய பதிப்புகளும் கூடுதல் கட்டணமின்றியே கிடைத்துவந்திருக்கின்றன.

வீட்டுப் பயனாளருக்கு இந்த அளவுகோல் எவ்வளவு தேவை என்பதை அடோபி பிரீமியர் எலிமென்ட்ஸ் காட்டுகிறது. 2004 முதல் ஒரே தடவை பணம் கொடுத்தால் போதும் என்று விற்கப்பட்ட இந்த மென்பொருள், 2025 பதிப்பிலிருந்து மூன்று ஆண்டு உரிமமாக மாறிவிட்டது. 2024 பதிப்பை வைத்திருப்பவர் 2025-க்கு மாறினால் அவர் பெறுவது சில புதிய வசதிகள். இழப்பது கால வரம்பின்மை. அந்த வசதிகள் அவசியம் தேவைப்பட்டாலொழிய இது நட்டமான மாற்றம். ஆகவே அடுத்த முறை மேம்படுத்தும்போது வட்டா பதிவிறக்கமா என்று பார்க்கும் முன்பு உரிமம் எத்தனை காலத்துக்கு, ஆக்டிவேஷன் இணையம் இல்லாமல் நடக்குமா, பழைய பதிப்பைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்; நிறுவல் கோப்பையும் வரிசை எண்ணையும் பழைய ப்ராஜெக்ட்டுகளையும் முடிந்த படங்களின் முழுத் தரப் பிரதிகளையும் தனி ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்த பிறகே மேம்படுத்துங்கள்.