வாச்சாத்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்



போலீஸ் என்றால் டெல்லி உள்துறை அமைச்சகம் என்றே பலர் நினைக்கிறோம். மத்திய ரிசர்வ் போலீஸ் போன்ற படைகள்தான் அதன் கீழ். அரசியல் சட்டப்படி காவல்துறை மாநிலப் பொருள். நம் ஊர் ஸ்டேஷனுக்குப் பொறுப்பு சென்னையிலுள்ள உள்துறை.

1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. நம்மைப் போலவே மலையாளிப் பழங்குடி மக்கள். சந்தனக் கடத்தலைத் தேடுவதாக வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும்கூடச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று மீதி 215 பேருக்கும் தண்டனை. அதில் 84 பேர் போலீஸ்காரர்கள். 2023இல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் வழங்கச் சொன்னது.

31 வருஷம் அந்தப் பெண்கள் சொன்ன சொல் மாறவில்லை.

காக்கி உடுத்தியிருக்கும் என் மாணவர்களே, தண்டனை பெற்றவர்களில் மேலதிகாரிகளும் உண்டு, அவர்கள் சொன்னதைச் செய்தவர்களும் உண்டு. அதை மனதில் வையுங்கள்.