மக்கி சி.200 சயெட்டா

மக்கி சி.200 சயெட்டா என்பது இரண்டாம் உலகப் போரின் தொடக்க ஆண்டுகளில் இத்தாலிய வான்படை பயன்படுத்திய ஓர் இருக்கைச் சண்டை வானூர்தி ஆகும். மாரியோ கஸ்தோல்டி என்பவரால் வடிவமைக்கப்பட்ட இது 1937 டிசம்பர் 24 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1942 வரை ஏறத்தாழ 1,150 வானூர்திகள் கட்டப்பட்டன. சிறந்த உடற்கட்டமைப்பைக் கொண்டிருந்தும், வலுக்குறைந்த இயந்திரத்தாலும் போதாத படைக்கலத்தாலும் இது பின்தங்கியது. இவற்றை முன்கூட்டியே மேம்படுத்தியிருக்க முடியுமா என்பது வானூர்தி வரலாற்றில் ஆர்வமுள்ளோரிடையே விவாதிக்கப்படும் ஒரு கேள்வியாகும்.

பின்னணி

கஸ்தோல்டி விரைவுப் போட்டிகளுக்கான கடல் வானூர்திகளை வடிவமைத்துப் புகழ் பெற்றவர். அவரது எம்.சி.72, 1934 அக்டோபர் 23 அன்று மணிக்கு 709 கிமீ வேகத்தில் பறந்து உலகச் சாதனை படைத்தது. அந்த வானூர்தியில் நீர்மத்தால் குளிர்விக்கப்படும் இயந்திரம் இருந்தது. ஆனால் 1930களில் இத்தாலிய வானூர்தி அமைச்சு, காற்றால் குளிர்விக்கப்படும் ஆரை வகை இயந்திரங்களுக்கே முன்னுரிமை அளித்தது. இவற்றில் உருளைகள் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். பராமரிப்பு எளிது, எனினும் முகப்பு அகன்றிருப்பதால் காற்றுத் தடை மிகுதி. இதனால் சி.200, ஃபியட் ஜி.50 ஆகிய இரண்டும் 870 குதிரைவலு கொண்ட ஃபியட் ஏ.74 இயந்திரத்தையே பெற்றன.

குறைபாடுகள்

1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியபோது ஏறத்தாழ 150 சி.200 வானூர்திகளே படையில் இருந்தன. வான்படையின் சண்டைப் பிரிவுகளில் இரட்டைச் சிறகு கொண்ட ஃபியட் சி.ஆர்.42 பெருமளவில் இருந்தது.

* வேகம்: சி.200 மணிக்கு 504 கிமீ வரை பறந்தது. இது பிரித்தானிய ஹரிகேனுக்கு ஓரளவு ஈடுகொடுத்தது; ஸ்பிட்ஃபயருக்கு ஈடாகவில்லை.
* படைக்கலம்: இரண்டு 12.7 மிமீ பிரெடா இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். ஸ்பிட்ஃபயரில் எட்டுத் துப்பாக்கிகள் இருந்தன.
* நிலைத்தன்மை: தொடக்க வானூர்திகள் கூர்மையாகத் திரும்பும்போது திடீரெனச் சுழன்று விழும் இயல்பைக் கொண்டிருந்தன. சிறகின் வடிவத்தை மாற்றி இது சரிசெய்யப்பட்டது.
* வானொலி: பல வானூர்திகளில் வானொலிக் கருவி இல்லை. இதனால் விமானிகள் ஒருவரையொருவர் எச்சரிக்க இயலவில்லை.

மேம்பாட்டு வாய்ப்புகள்

அதிகத் துப்பாக்கிகளைப் பொருத்துவது முதலில் தோன்றும் தீர்வாகும். ஆனால் சிறகுகளில் துப்பாக்கிகளைச் சேர்த்தால் எடை கூடும். 870 குதிரைவலுவில் அவ்வெடை சி.200இன் சிறந்த பண்பான ஏறுவேகத்தைக் குறைத்துவிடும். எனவே இயந்திரத்தை மாற்றாமல் படைக்கலத்தைப் பெருக்குவதால் கிடைக்கும் பயன் குறைவே.

அதே இயந்திரத்தின் வலுவை உயர்த்துவது இரண்டாவது வழி. பிரித்தானியா 1940இல் 100 ஆக்டேன் எரிபொருளைப் பயன்படுத்தித் தனது மெர்லின் இயந்திரங்களின் வலுவைக் கூட்டியது. இத்தாலியிடம் அத்தகைய எரிபொருள் பரவலாக இல்லை. 1,000 குதிரைவலு ஃபியட் ஏ.76 இயந்திரத்துடன் திட்டமிடப்பட்ட சி.201, அவ்வியந்திரம் வெற்றி பெறாததால் கைவிடப்பட்டது.

மூன்றாவது வழி ஜெர்மானிய இயந்திரம். இது நடைமுறையிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. 1,175 குதிரைவலு கொண்ட டைம்லர்-பென்ஸ் டி.பி.601 இயந்திரத்துடன் சி.202 ஃபோல்கோரே 1940 ஆகஸ்ட் 10 அன்று பறந்தது. சி.200இன் சிறகும் வால்பகுதியும் பெரிதும் அப்படியே இருக்க, வேகம் மணிக்கு ஏறத்தாழ 600 கிமீ ஆக உயர்ந்தது. குறை உடற்கட்டமைப்பில் இல்லை என்பதை இது காட்டியது. எனினும் அல்ஃபா ரோமியோ நிறுவனத்தின் உரிம உற்பத்தி மெதுவாகவே நடந்ததால், சி.202 போர்க்களத்தை அடைய 1941 இறுதிப் பகுதி ஆயிற்று. இவ்வகை இயந்திரத்தை ஈராண்டுகள் முன்னரே தேர்ந்தெடுத்திருந்தாலும், அதனைப் பெருமளவில் செய்யும் தொழிற்சாலைகள் இல்லாத நிலையில் பயன் வரம்புக்குட்பட்டதாகவே இருந்திருக்கும்.

வானொலியை எல்லா வானூர்திகளிலும் பொருத்துவதற்கோ, ஒரே பணிக்குப் பல வகைகளைக் கட்டுவதைக் கைவிடுவதற்கோ புதிய இயந்திரம் தேவைப்படவில்லை. அவ்வகையில் இவையே நிறைவேறக்கூடிய மேம்பாடுகளாக இருந்தன. மாறாக, 1938 போட்டியில் சி.200 வென்ற பின்னரும் ஜி.50 கட்டப்பட்டது, சி.ஆர்.42 உற்பத்தியும் தொடர்ந்தது.

பின்னைய வளர்ச்சி

1942 ஏப்ரலில் பறந்த சி.205 வெல்த்ரோ, 1,475 குதிரைவலு இயந்திரத்தையும் பின்னர் 20 மிமீ பீரங்கிகளையும் பெற்று எதிரணியின் சிறந்த வானூர்திகளுக்கு நிகராயிற்று. ஆனால் 1943 செப்டம்பர் 8 அன்று இத்தாலியின் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மொத்தத்தில் ஏறத்தாழ 260 வானூர்திகளே கட்டப்பட்டன.

விவரக்கூற்று (சி.200)

* விமானி: 1
* சிறகு அகலம்: 10.58 மீ
* இயந்திரம்: ஃபியட் ஏ.74, 14 உருளைகள், 870 குதிரைவலு
* உயர்ந்த வேகம்: மணிக்கு 504 கிமீ
* படைக்கலம்: இரண்டு 12.7 மிமீ இயந்திரத் துப்பாக்கிகள்