எங்கே, எதற்கு?

திருப்புட்குழிக்குப் பெண்கள் வந்ததற்கு வறுத்த பயறு ஒரு காரணம். குழந்தை வேண்டுபவர்கள் விஜயராகவப் பெருமாள் கோயிலில் நனைத்த வறுபயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடியும்போது அது முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு என்பது நம்பிக்கை. சீதைக்காக இராவணனை மறித்து மாண்ட ஜடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த தலம் இது. புள்ளின் குழி என்பதால்தான் புட்குழி. ஒரு பெண்ணைக் காக்கப்போய் விழுந்த பறவையின் ஊருக்கு, மலடி என்ற சொல்லுக்கு அஞ்சிப் பெண்கள் வந்திருக்கிறார்கள். நம் பாட்டிகளின் பயணங்களைத் தேடினால் பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கும்: நேர்த்திக்கடன், பிரசவம், கல்யாணம், சாவு. போகும் ஊரையும் காரணத்தையும் வேறு யாரோ முடிவு செய்திருப்பார்கள்.

சைக்கிள் இதை எவ்வளவு மாற்றியது?

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகருக்குள் வந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பாரில் பிள்ளையை உட்காரவைக்க அதுவே வசதி என்றும் கண்டுகொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் விளைபொருளை விற்று வரவும் முடிந்தது. ஆனால், வருமானத்தைவிடத் தன்மதிப்பே இதில் பெரிது என்பது பி. சாய்நாத்தின் பதிவில் தெளிவாக இருக்கிறது.

இருந்தாலும் அந்த சைக்கிளின் கேரியர் காலியாகத் திரும்பியதா என்று கேட்கத் தோன்றுகிறது. தண்ணீர்க் குடமோ கூடையோ பிள்ளையோ இருந்தது. 2001-02இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் தரத் தொடங்கி, பின்னர் மற்றவர்களுக்கும் தந்தது. அது பள்ளிக்கூடம் போகும், திரும்பும். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எடுத்துக்கொண்டு போவான்; தறிவீட்டுப் பெண் தார் சுற்றிக்கொண்டிருப்பாள்.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு பழைய சைக்கிளும் ஓர் அட்லஸும் கிடைத்தன. இந்தியாவுக்கு சைக்கிளில் போவதென்று அப்போதே முடிவு செய்தார். பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தி, நோயாளித் தாயைப் பார்த்துக்கொண்டார். தாய் இறந்தபின், 1963 ஜனவரியில், ஐரோப்பாவை உறையவைத்த குளிர்காலத்தில் கிளம்பி ஜூலையில் டெல்லி சேர்ந்தார். மலைகளையும் கடுங்குளிரையும் எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு இருபது வருடக் காத்திருப்புதான் பெரிதாகத் தெரிகிறது. பத்து வயதில் தேர்ந்த ஊரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அங்கே பனி வழியை மூடும். நமக்கோ மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரைதான் சைக்கிள் காலம். திருப்புட்குழியிலிருந்து லாரி ஓடும் நெடுஞ்சாலையைத் தவிர்த்து ஊர்ச்சாலைகளில் போனால் முதலில் திருப்பருத்திக்குன்றம். சமணக் கோயிலின் விதான ஓவியங்களை நிதானமாகப் பார்க்கலாம். காஞ்சிபுரம் தாண்டி, பாலாற்றைக் கடந்து, சுமார் 30 கி.மீ.யில் உத்திரமேரூர். ஊர்ச் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று சோழர் காலக் கல்வெட்டு பட்டியலிடும் ஊர். மறுநாள் வேடந்தாங்கல், அந்த மாதங்களில் மரமெல்லாம் பறவை.

இந்த வழியைச் சொன்னதும் மாணவிகள் கேட்ட முதல் கேள்வி தூரத்தைப் பற்றியதல்ல. "வீட்டுல எதுக்குன்னு கேட்டா என்ன மேடம் சொல்றது?" மடியில் பயறோடு வந்தவளை யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள். பறவை பார்க்க என்று சொல் என்றேன். பிராஜெக்ட் என்று சொன்னால்தான் விடுவார்கள் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, உத்திரமேரூரில் ராத்திரி தங்க அத்தை வீடு இருக்கிறது என்றாள்.