சீருடை களைந்த பின்

காசிமேட்டில் பொழுது மீன் ஏலக் குரலோடு விடிகிறது. ஒருநாள் காலைத் திருப்பலிக்குப் பின் ஆலய வாயிலில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். பதினேழு ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று, அண்மையில்தான் ஊர் திரும்பியவர். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. "பென்ஷன் வருது ஃபாதர். ஆனா காலையில எழுந்ததும் எங்க போறதுன்னு தெரியல" என்றார்.

அவருக்கு விடைதேடி வரலாற்றைப் புரட்டினேன். புனித இஞ்ஞாசியார் உடனே நினைவுக்கு வந்தார். 1521-ஆம் ஆண்டு பம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் காயமுற்ற அவ்வீரர், முப்பது வயதைக் கடந்தபின் பார்சலோனாவில் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் பயின்றார். 1548-இல் அவருடைய சபை மெசினா நகரில் கல்லூரி திறந்தது. ஆனால் என் உள்ளத்தை அதிகம் உலுக்கியவர் நம் சென்னையிலேயே வாழ்ந்து மறைந்த வேறொரு படைவீரர். அவர் நம் மந்தையைச் சேர்ந்தவர் அல்லர்.

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போர் மூண்டபோது வடவர் படையில் சேர்ந்தார். போர்முனையில் நோயுற்றுத் திரும்பியவரிடம், படைக்குப் பொருள் வழங்குவோர் செய்த மோசடிகளை விசாரிக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. எளிய சிப்பாய்க்குச் சேரவேண்டியதை யார் விழுங்கினார்கள் என்று கண்டறிவதே அவர் ஏற்ற போர். 1865-இல் ஆபிரகாம் லிங்கன் கொலை பற்றிய விசாரணையிலும் அவருக்குப் பங்கிருந்தது.

1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையை நிறுவியவர்களுள் ஒருவரான அவர், 1882-இல் அதன் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றில் அமைத்தார். நம் திருச்சபையோடு அவருக்கு நல்லுறவு இருந்ததெனச் சொல்ல முடியாது. 1880-இல் இலங்கையில் பௌத்தம் தழுவினார். கிறிஸ்தவ மறைபரப்புப் பள்ளிகளுக்கு மாற்றாகப் பௌத்தப் பள்ளிகள் எழ உழைத்தார். 1883 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் மூண்டது. அடுத்த ஆண்டே பௌத்தர்களின் முறையீட்டோடு இலண்டன் சென்றவரும் அவரே.

அத்தகைய மனிதர் அடையாற்றில் தம் இல்லத்தைச் சுற்றிலும் பார்த்தார். சேரிப் பிள்ளைகள் எழுத்தறியாது வளர்ந்துகொண்டிருந்தார்கள். பஞ்சமர் கல்விக்கென 1893-இல் சென்னை அரசு ஆணை பிறப்பித்திருந்தது. ஆயினும் ஆணை எழுதிய தாளுக்கும் குழந்தையின் பலகைக்கும் இடையே தொலைவு மிகுதி. 1894-இல், தம் அறுபதுகளின் தொடக்கத்தில், ஆல்காட் அப்பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். தமிழ் எழுத்து, கணக்கு, சமையல், தையல், சிறிது ஆங்கிலம் ஆகியவை அங்குக் கற்பிக்கப்பட்டன. இன்றைய கண்ணுக்கு அது குறுகிய இலக்காகத் தோன்றலாம். அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளி வாசலையே மிதித்திராத பிள்ளைக்கு முதல் எழுத்து என்பது சிறிய கொடை அன்று. அவர் 1907 பிப்ரவரி 17 அன்று அடையாற்றில் இறப்பதற்குள் அத்தகைய பள்ளிகள் ஐந்தாகப் பெருகியிருந்தன. அங்குள்ள மீனவர் குடியிருப்பு ஊரூர் ஆல்காட் குப்பம் என்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே நமக்கொரு சங்கடம் எழுகிறது. நம்மை எதிர்த்தவர் செய்த நன்மையை எப்படி ஏற்பது? நம்மைச் சாராத ஒருவர் பேயோட்டுகிறார், தடுக்கப் பார்த்தோம் என்று யோவான் ஆண்டவரிடம் முறையிட்டதை மாற்கு நற்செய்தியில் வாசிக்கிறோம். தடுக்கவேண்டாம் என்பதே இயேசுவின் விடை. ஏழைக் குழந்தைக்கு எழுத்தறிவித்தவரை அவர் எந்தக் கோவிலுக்குப் போனார் என்று கேட்டு மதிப்பிட்டால், யோவானின் பிழையை நாமும் செய்தவர்களாவோம். நம் கண்ணுக்கு எட்டாத சேரியை அவர் கண்டார் என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் நாமே.

ஆல்காட்டின் படைவாழ்வு அப்பள்ளியில் தொடர்ந்ததாகவே நான் எண்ணுகிறேன். சிப்பாயின் பங்கை யார் பறித்தார் என்று தேடிய கண்தான், கல்வியில் யாருக்குப் பங்கு கிட்டவில்லை என்றும் தேடியது. சீருடையைக் களைந்தபோது அந்தக் கண்ணை அவர் களைந்துவிடவில்லை.

இதை அந்த நண்பரிடம் சொன்னேன். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்க, வீட்டில் அடுப்பு தளரும். விடுமுறையில் கூலிக்குப் போன பையன்களில் சிலர் ஜூன் மாதம் வகுப்புக்குத் திரும்புவதில்லை. ஆசிரியருக்கு வீடு வீடாகச் செல்ல நேரம் ஏது?

"மாலையில் ஆள் எண்ணி, வராதவனைத் தேடிப் போவது உங்களுக்குப் பழக்கம்தானே?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். இப்போது வராத பிள்ளைகளின் பெயர்களைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, மாலைதோறும் தெருக்களில் நடக்கிறார். எல்லாரும் திரும்பிவிடவில்லை. சென்ற வாரம் ஒருவன் திரும்பினான். அவனை வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, அடுத்த பெயரைப் பார்த்தபடி அவர் நடந்துவிட்டார்.