பறக்கும் தட்டும் சான்றின் நம்பகமும்

ஒரு சான்றைத் தந்தவர் யார், எந்நோக்குடன் தந்தார் என்று வினவுமாறு வரலாற்று மாணவருக்கு முதலாண்டிலேயே கற்பிக்கப்படுகிறது. ஆயின், சான்று நமக்கு உவப்பான முடிவைத் தருமிடத்து அவ்வினாவை எழுப்ப நாம் மறந்துவிடுகிறோம். ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த பறக்கும் தட்டு விவாதத்தை இம்மறதியின் வரலாறாகவும் நோக்கலாம். தட்டுகள் உண்டா, இல்லையா என்பது ஈண்டு ஆராயப்படவில்லை.

1947 ஜூன் 24 இல், றெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகக் கெனத் ஆர்னல்ட் என்னும் விமானி கூறினார். மறு ஆண்டு விமானப்படை விசாரணையைத் தொடங்கியது. 1969 இல் அது முடிவுற்றபோது 12,618 அறிக்கைகள் சேர்ந்திருந்தன. அவற்றுள் 701 இனங்காணப்படாதவை. ஐயவாதிகள் இதனைப் புறக்கணிக்கத்தக்க எச்சம் என்றனர். நம்புவோர் 701 சான்றுகள் என்றனர்.

1966 இல் விமானப்படை கொலராடோ பல்கலைக்கழகத்திடம் தனியானதோர் ஆய்வை ஒப்படைத்தது. அதற்குத் தலைமை தாங்கிய பௌதிகவியலாளர் எட்வேட் கொண்டன், 1948 இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவொன்றினால் அணுப் பாதுகாப்பின் நலிந்த கண்ணி எனக் குற்றஞ்சாட்டப்பட்டவர். வெறும் ஐயத்தால் ஒருவரது நம்பகம் பறிபோகுமாற்றை அனுபவித்தே அறிந்த அவர், ஆய்வு தொடங்கிய சில மாதங்களுள், 1967 ஜனவரியில், இவ்விடயத்தில் பொருளேதுமில்லை என்ற தம் சாய்வைப் பொதுக்கூட்டமொன்றில் வெளியிட்டமை வியப்பிற்குரியது. ஆய்வின் இணைப்பாளர் றொபேட் லோ எழுதிய உட்குறிப்பு ஒன்றும் பின்னர் வெளிவந்தது. பொதுமக்களுக்கு முற்றிலும் நடுநிலையான ஆய்வாகவும், விஞ்ஞானிகளுக்கு நம்பிக்கையற்றோர் நடுநிலை வகிக்க முயலும் ஆய்வாகவும் இதனைத் தோற்றச் செய்யலாம் என்பது அதன் சாரம். அக்குறிப்பைத் தாம் முன்னர் கண்டதில்லை எனக் கொண்டன் கூறினார். எனினும், அது வெளியே சென்றமைக்காக ஆய்வாளர் இருவரை 1968 இல் பதவிநீக்கினார்.

1969 இல் அறிக்கை வெளிவந்தது. மேலும் ஆராய்வதால் விஞ்ஞானத்துக்குப் பயனில்லை என்று முகப்பில் கொண்டன் எழுதினார். உள்ளேயோ விளக்கப்படாத நிகழ்வுகள் பல இருந்தன. ஐயவாதிகள் முகப்போடு நின்றனர். நம்புவோர் லோவின் குறிப்பைக் காட்டி நூல் முழுவதையுமே தள்ளினர். குறிப்பெழுதியவரின் பக்கச்சார்பு, பிறர் செய்த ஒவ்வோர் ஆய்வையும் பொய்யாக்குமா என்பதை அவர்கள் சிந்திக்கவில்லை.

வானியலாளர் அலன் ஹைனெக்கின் கதை இதனினும் தெளிவானது. விமானப்படையின் ஆலோசகராயிருந்த அவர், 1966 மார்ச்சில் மிச்சிகனில் காணப்பட்ட ஒளிகளுக்குச் சதுப்புநில வாயு காரணமாகலாம் என்றார். எல்லா நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும் எனத் தாம் கூறவில்லை என்று அவர் எல்லையிட்டதைப் பலர் விட்டுவிட்டு, அவரை நகைப்புக்கிடமாக்கினர். 1973 இல் தட்டுகளை ஆராயும் நிலையமொன்றை அவரே நிறுவியதும், அன்று நகைத்தோருக்கு அவர் மேற்கோள் காட்டத்தக்க பேரறிஞரானார். பழைய நண்பர்களுக்கோ ஏமாளியானார். மனிதர் ஒருவரே, கல்வியும் ஒன்றே.

இத்தகைய மதிப்பீடு விவாதத்தின் எல்லைக்குள் அடங்கிவிடவுமில்லை. அரிசோனாவின் வளிமண்டலப் பௌதிகவியலாளர் ஜேம்ஸ் மக்டொனால்ட் தட்டுகளை ஆராயவேண்டும் என வற்புறுத்தியவர். விளக்கங்களிலுள்ள ஓட்டைகளைத் தேடிய அளவு விழிப்புடன் சாட்சிகளின் கூற்றுகளை அவர் சோதித்தாரா என்பது கேட்கத்தக்கதே. ஆயின், 1971 மார்ச்சில் காங்கிரஸ் குழுவின் முன் அவர் பேசியது வேறு பொருள் பற்றியது. ஒலியை விஞ்சும் விமானங்கள் ஓசோன் படலத்தைக் குறைக்கும், அதனால் தோற் புற்றுநோய் பெருகும் என்றார். உறுப்பினர்கள் அவரது தட்டுக் கருத்துகளை எடுத்துப் பேசினர், அவையில் சிரிப்பெழுந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அவர் இறந்தார். விமானங்கள் வெளிவிடும் நீராவியையே அவர் முதன்மையாகக் கருதியிருந்தார். நைதரசன் ஒட்சைட்டுகளே பெரிய ஆபத்து என்று ஹரல்ட் ஜோன்ஸ்ரன் அதே ஆண்டில் எடுத்துக்காட்டினார். மக்டொனால்டின் கூற்று திருத்தப்பட்டது இரசாயனவியலால், அன்றைய சிரிப்பினாலன்று.