துர்க்கையும் தூரிகையும்

1975 ஜூன் 12. இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். ஜூன் 24. உச்ச நீதிமன்றம் நிபந்தனையோடு தடை கொடுத்தது. ஜூன் 26. விடிந்தால் எமர்ஜென்ஸி!

இந்த மூன்று தேதிகளும் மூன்று ஓவியங்களுக்குத் தலைப்பாயின. வரைந்தவர் எம்.எஃப். ஹுசைன். பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவர். (நம்ம பட்டுக்கோட்டை தியேட்டர் வாசல்களில் எம்.ஜி.ஆர் கன்னத்தைச் சிவக்க வைத்தார்களே, அதே தொழில்தான்!) பிறகு நாட்டின் முன்னணி நவீன ஓவியர். எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில், பத்திரிகைகளுக்கு சென்சார். அந்த நேரத்தில் அவர் இந்திராவைத் துர்க்கையாக வரைந்தார்.

சர்வாதிகாரிகளுக்கு நவீன ஓவியம் ஆகாது என்பார்கள். பாதிதான் உண்மை. இத்தாலியில் ஃப்யூச்சரிஸ்ட் கலைஞர்கள் பலர் முசோலினிக்கு மேளம் கொட்டினார்கள். அவர்கள் தலைவர் மாரினெட்டிக்கு 1929ல் ராயல் அகாடமியில் நாற்காலி கிடைத்தது.

ஜெர்மனியில் கதை வேறு. வியன்னா ஓவியக் கல்லூரி இரண்டு முறை திருப்பி அனுப்பிய ஆசாமி அல்லவா ஹிட்லர்? 1937 ஜூலையில் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்று ஒரு கண்காட்சி. மியூசியங்களில் பிடுங்கிய சுமார் 650 படைப்புகள், பக்கத்தில் கேலி வாசகங்கள். பார்க்க வந்தவர்கள் 20 லட்சம் பேர்!

அங்கே மாட்டியவர்களில் எமில் நோல்டேயும் ஒருவர். நாஜி விசுவாசி. யூத வெறுப்பிலும் குறைச்சலில்லை. விசுவாசம் காப்பாற்றியதா? பறிமுதலான அவர் படைப்புகள் 1,052. 1941ல் ஓவியத்தைத் தொழிலாகச் செய்யவே தடை.

இந்திராவின் இந்தியா ஹிட்லரின் ஜெர்மனி அல்ல. 21 மாதத்தில் எமர்ஜென்ஸி முடிந்தது, தேர்தலில் மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். ஆனால் பாணி புரிகிறதா? துர்க்கை ஓவியத்துக்கு ஆபத்தில்லை. நாற்காலி அரசியலைக் கேலி செய்த 'கிஸ்ஸா குர்ஸி கா' சினிமாவோ பறிமுதலாகி அழிக்கப்பட்டது. எடுத்தவர் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த அம்ரித் நஹாடா!

ஹுசைனுக்கும் காலம் வந்தது. 1996க்குப் பின், அவருடைய தெய்வ ஓவியங்களை வைத்து வழக்குகள், மிரட்டல்கள். 2006ல் நாட்டை விட்டுப் போனார். 2010ல் கத்தார் குடியுரிமை. 2011ல் லண்டனில் மரணம்.

ஆளும் தலைவரைத் தெய்வமாக்கி வரையத் தூரிகைக்கு உரிமை உண்டு. நாற்காலியைக் கேலி செய்யக் கேமராவுக்கும் அதே உரிமைதான். கேமராவைப் பிடுங்கும்போது தூரிகை துதி பாடினால், நாளைக்குத் தூரிகைக்காக யார் பேசுவார்கள்?