கதீஜா கண்ட கனவும் காணாத வரலாறும்

சீறாப்புராணம் என்றதும் தமிழ் படித்தவர் பலருக்கும் நினைவுக்கு வருவது மானுக்குப் பிணை நின்ற படலம். பாடத்திட்டங்கள் செய்த வேலை அது. அதே காப்பியத்தின் விலாதத்துக் காண்டத்தில் கதீஜா கனவு கண்ட படலம் என்றொரு பகுதி உண்டு. வகுப்பறைகளில் அது அதிகம் பேசப்படுவதில்லை. மூக்கண்டப்பள்ளி, ஓசூர் சார்ந்த இந்த எல்லைப்புறத்தில் கதீஜா, ஆயிஷா என்ற பெயர்கள் அன்றாடம் காதில் விழுபவை. வீட்டில் உருதுவும் வெளியில் தமிழும் கன்னடமுமாக வாழும் குடும்பங்களின் பெயர்கள் அவை. பெயர்கள் வழக்கில் இருக்கின்றன. அப்பெயர்களை முதலில் தாங்கியவர் செய்த செயல்கள்தாம் நம் பார்வையிலிருந்து மங்கிவிட்டன.

17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப்புலவர், சீதக்காதியின் தூண்டுதலால் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயரின் ஆதரவில் தொடர்ந்து, 5027 செய்யுட்களில் இக்காப்பியத்தைப் பாடினார். அரபு நாட்டையே வயலும் வாய்க்காலும் நிறைந்த மருத நிலமாகக் காட்டிய புலவர், கதீஜாவையும் தமிழ் அகமரபின் தலைவியாக ஆக்கிக்கொண்டது இயல்பே. கனவு, காதல், மணவிழா என அந்தப் பகுதி விரிகிறது. கவிதைக்கு அது அழகு. ஆனால் அந்த அழகில் மயங்கி நின்றுவிடும் வாசகர், மணப்பெண்ணுக்குள் இருந்த வணிகரைத் தவறவிடக்கூடும்.

வரலாற்றில் கதீஜா மக்காவின் செல்வம் மிக்க வணிகர், கணவரை இழந்தவர். ஆட்களை அமர்த்தித் தம் சரக்கை ஷாம் நாட்டுக்கு அனுப்பியவர். இளைஞர் முகம்மதின் நேர்மையைக் கேள்வியுற்று வணிகப் பொறுப்பை ஒப்படைத்தார். வரவும் செலவும் பார்த்துத் தம் மதிப்பீடு சரியென்று கண்டார். பின்னரே திருமணம். அப்போது நபிகளுக்கு வயது 25, கதீஜாவுக்கு 40 என்பது மரபுச் செய்தி.

கி.பி. 610இல் ஹிரா குகையிலிருந்து நபிகள் நடுக்கத்தோடு வீடு திரும்பியபோது அந்த மதிப்பீட்டுத் திறனே மீண்டும் பேசியது. உறவினரைப் பேணுபவர், எளியோர் சுமையைத் தாங்குபவர், விருந்தோம்புபவர், இத்தகையவரை இறைவன் கைவிடான் என்று கதீஜா கூறியதாக மரபு சொல்கிறது. கணவரின் கடந்த கால ஒழுக்கத்தையே சான்றாக வைத்து அவர் ஆறுதல் சொல்கிறார். வேதமறிந்த உறவினர் வரகாவிடம் கருத்துக் கேட்டவரும் அவரே. 619இல் அவர் மறைந்த ஆண்டு துயர ஆண்டு எனப்பட்டது.

அவர் தனிமனித விதிவிலக்கும் அல்லர். 628இல் ஹுதைபிய்யா உடன்படிக்கையால் மனம் சோர்ந்த தோழர்கள், பலியிட்டுத் தலைமழிக்கும்படி நபிகள் சொல்லியும் அசையாது நின்றனர். யாரிடமும் பேசாது முதலில் நீங்களே செய்யுங்கள் என்றார் உம்மு சலமா. அவ்வாறே நபிகள் செய்ததும் அனைவரும் பின்பற்றினர். குர்ஆன் தொகுக்கப்பட்ட ஏடுகள் உமரின் மகளான ஹப்ஸாவிடம் பாதுகாப்பாக இருந்தன. கலீபா உதுமான் அவற்றை இரவலாகப் பெற்றே படிகள் எடுக்கச் செய்தார் என்பர்.

ஆயிஷாவின் கதை இன்னும் கூர்மையானது. 656இல் பஸ்ராவுக்கு அருகே நடந்த ஒட்டகப் போரில் அவர் தரப்பு தோற்றது. பெண்களுக்கு அரசியல் ஆகாது என்று வாதிட்ட பிற்காலத்தார் பலர் அந்தத் தோல்வியையே எடுத்துக்காட்டினர். ஆனால் அவர் வழியாக வந்த நபிமொழிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவரிடம் ஆண்களும் வந்து ஐயம் தெளிந்தனர். களத்தில் அவரை மறுத்தவர்களாலும் கல்வியில் அவரை விலக்க இயலவில்லை.

பெண்ணுக்குக் கல்வியும் வணிகமும் புதிதாக வந்து சேர்ந்தவை என்று எண்ணுவோர் எல்லாச் சமயத்திலும் உளர். அவர்களுக்கு விடை சொல்ல வெகுதூரம் போகவேண்டியதில்லை. சீறாவிலேயே நுபுவ்வத்துக் காண்டம் இருக்கிறது. மானின் படலத்தோடு, நபித்துவத்தின் தொடக்கத்தைப் பாடும் அப்பகுதியையும் மாணவர் முன் வைக்கலாம். கனவு கண்ட கதீஜாவை அறிந்தவர்கள், கலங்கிய கணவரைத் தேற்றிய கதீஜாவையும் அங்கே காண்பார்கள்.